உலகம்மாள் இரவல் கொடுத்த நடை

தென்காசி வாய்க்கால்பாலத் தெருவில், கல்யாண வீடானாலும் துஷ்டி வீடானாலும், உலகம்மாளுக்குப் பத்தடி முன்னால்தான் ஆவுடையப்பன் வருவார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் கையை வீசிக்கொண்டு முன்னால் வர, அவர் மனைவி பையும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் வருவாள், நடுவில் இருக்கிற பத்தடியில் ஒரு ஆட்டோ புகுந்து போகும், இரண்டு ஆடு புகுந்து போகும், ஒரு தடவை செண்டை மேளத்தோடு ஒரு சாமி ஊர்வலமே புகுந்து போயிருக்கிறது, அப்போதும் அவர் திரும்பிப் பார்த்தவரில்லை. அப்படி நடந்த மனிதருக்குத்தான் ஒரு புரட்டாசிக் காலையில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நிற்கையில், வலது கையும் வலது காலும் பேச்சைக் கேட்காமல் போயின.

டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்றாவது வாரம் பேச்சு திரும்பி வந்தது, அதில் தெருவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. கை பாதி வந்தது. கால் மட்டும் வரவே இல்லை. படுக்கையில் கிடந்த காலைப் பார்த்து அவர் ஆபீசில் ஹெல்பர்களை ஏசுகிற மாதிரி ஏசிப் பார்த்தார், அது மெமோ வாங்கிய ஆளைப் போல் அசையாமல் கிடந்தது. அவர் தூங்குகிறார் என்று நினைத்து உலகம்மாள் அந்தக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுவாள், அவரும் தூங்குகிற மாதிரியே கிடந்து அழுவார்.

குற்றாலம் ரோட்டில் அப்போதுதான் ஒரு மறுவாழ்வு மையம் புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே இருந்த இயந்திரத்தில், ஆளை மேலிருந்து வார்ப்பட்டைகளால் தொங்கவிட்டு, இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புக் கால்களைக் கட்டி, ஓடும் பட்டையின் மேல் நிறுத்துவார்கள். இரும்புக் கால் நடக்க நடக்க, உள்ளே இருக்கிற மனிதக் காலுக்கும் மறந்துபோன நடை கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வரும். ஆனால் எந்தத் தேசத்தில் செய்ததோ, அதற்குள் வைத்து அனுப்பியிருந்தது பனியில் நடக்கிற நடை. அதில் ஏறிய தென்காசிக்காரர்கள் எல்லாம் ஒவ்வொரு காலையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி வைத்தார்கள், பார்க்கிறவர்களுக்குக் கோழி களத்தில் நடப்பது போல் இருந்தது. அங்கே பிசியோதெரபி பார்த்த ஜெபராணிக்கு இது பொறுக்கவில்லை. வீட்டு ஆளில் அதே உயரமுள்ள ஒருவர் நடையை முதலில் பதிவு செய்து, பிறகு நோயாளிக்குப் போடலாம் என்று இயந்திரத்தைப் பொருத்த வந்தவன் சொல்லியிருந்ததை அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

"வீட்டுல நல்லா நடக்கிற ஆள் யாரும்மா?" என்று கேட்டாள் ஜெபராணி.

"நான்தான். அவுக உக்காந்ததுக்கும் சேத்து நான்தான நடந்துருக்கேன்" என்றாள் உலகம்மாள்.

அளந்து பார்த்ததில் அவருக்கும் அவளுக்கும் உயரத்தில் அரை அங்குலம்தான் வித்தியாசம். இந்த உண்மையை அவர் நாற்பது வருஷமாக ஒத்துக்கொண்டதில்லை, அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்ததால் ஒத்துக்கொண்டார். உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இயந்திரத்தில் ஏறிப் பத்து நிமிஷம் நடந்துவிட்டு இறங்கினாள். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தாள். கொடுத்ததால் அவள் நடையில் ஒன்றும் குறையவில்லை.

ஒன்பதாம் நாள் ஆவுடையப்பனின் வலது கால் தானாக அசைந்தது, பதினைந்தாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார், பதினாறாம் நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு அவர் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து, வாசற்படியில் இடது கை வேட்டியின் ஓரத்தைக் கொசுவம் மாதிரிக் கிள்ளித் தூக்கிக்கொள்ள, தெருக்குழாயடிக்குப் போய் உலகம்மாள் வழக்கமாக நிற்கிற இடத்தில், மூன்றாவதாக, வரிசையில் நின்றன. இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. உலகம்மாளின் நடை அவரிடம் இருக்கிறது, நடை போகிற இடத்துக்குத்தானே நடக்கிறவரும் போவார் என்று பெண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அங்கே நின்ற பூக்கார மாடத்திதான் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யக்கா, அண்ணாச்சி வெறுங்கையோட வந்து நிக்காவ. கொடத்தக் குடுத்து விடுங்க."

அதன் பிறகு நாளுக்கு ஒன்றாக ஆவுடையப்பனுக்குப் புது ஊர் தெரிய ஆரம்பித்தது. தன் வீட்டு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதினோரு தடவை போய் வரவேண்டும் என்பதும், ரேஷன் கடை வரிசையில் வெயில் படாத இடம் ஒரே ஒரு ஆள் அகலம்தான் என்பதும் அவருக்குத் தெரிந்தன. இன்னொருவர் சாப்பிடும்போது அந்தக் கால்களுக்கு உட்காரத் தெரியாது, ஆகையால் தோசை நேரத்தில் அவரும் எழுந்து நின்றார், உலகம்மாளும் நின்றாள், தோசை ஆறியது.

"ஏட்டி உலகு, இந்தக் காலு உக்கார விடமாட்டேங்கு" என்றார்.

"அதுக்குப் பழக்கமில்ல" என்றாள் அவள்.

தெரு இதைத் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டது. நல்ல காலோடு திரிகிற புருஷன்மாரை இரண்டு மூன்று பெண்கள் மையத்துக்கு இழுத்துக்கொண்டு போய், இவருக்கும் என் நடையைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், ஒரு மாசத்துக்குப் போதும் என்று கேட்க, ஜெபராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நோயில்லாதவருக்குப் போட அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பினாள். செய்யது டீக்கடை பெஞ்சில் உட்காருகிற ஆண்கள் அன்றிலிருந்து பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் போட்டார்கள், உப்பைக் குறைத்தார்கள், சிலர் முன்னெச்சரிக்கையாகத் தாங்களே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்து, மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும் என்று நிறையச் சொல்லிவிட்டு, கோப்பில் ‘நடை திருப்திகரம்’ என்று எழுதினார்.

எல்லாருக்கும் சந்தோஷம், உலகம்மாளுக்கும் சந்தோஷம்தான், ஆனால் ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நடை வெள்ளிக்கிழமை எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் அவள் தம்பி திருமலைக்குமார் வீடு கட்டினான். புதுமனை புகுவிழா அழைப்பிதழில், அன்புடன் அழைக்கும் உறவினர் பட்டியலில், மூத்த மருமகனான ஆவுடையப்பன் பெயர் இளைய சகலை பெயருக்குக் கீழே, அதுவும் மின்வாரியம் என்ற சொல் இல்லாமல் அச்சாகிவிட்டது. அச்சகத்தின் தவறு என்றார்கள், அவர் கேட்கவில்லை. அகர வரிசை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. விழாவுக்கு அவர் போகவில்லை, அந்த வீட்டை ஒரு நாளும் கண்ணால் பார்க்கவில்லை, பார்க்காத வீட்டைப் பற்றி ஒரு சட்டம் மட்டும் போட்டார்: "அந்த வாசப்படிய மிதிச்சா, இந்த வாசப்படிய மறந்துரு."

உலகம்மாள் சரி என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், கோயிலுக்கும் போனாள், பொய் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அம்மனிடம் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, தம்பி வீட்டில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, ஆறரை மணிச் செய்தி ஏழு மணிக்கு முடிந்து அவர் வாசலுக்கு வருவதற்குள் திரும்பிவிட்டாள். பத்தொன்பது வருஷ வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். மாடத்திக்குத் தெரியும், செய்யதுக்குத் தெரியும், ஆட்டோ ஸ்டாண்டுக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது, தெரியாததோடு நில்லாமல் வாரத்துக்கு ஒரு தடவை டீக்கடையில் உட்கார்ந்து, "நான் போட்ட கோட்ட எம் பொண்டாட்டி தாண்டுனதில்ல வே" என்று சொல்வார், செய்யது டீ ஆற்றுகிற வேகத்தைக் கூட்டிக்கொண்டு, "தாண்டுவாவளா அண்ணாச்சி" என்பான், பெஞ்சில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் பேப்பர் படிப்பார்கள்.

வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் அவளுக்கு இப்போது இல்லை. அவள் இல்லாமல் அவருக்கு வேட்டி நிற்காது. அவளைத் தின்றது வேறு. பக்கவாதத்தில் கை போய், கால் போய், கௌரவமும் பாதி போன மனிதருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கோடு ஒன்றுதான், அதையும் அவள் நடையே அழிக்கப் போகிறதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தம்பியை நினைத்தாலும் தாங்கவில்லை. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவன் கீழே கேட்டருகே வந்து நின்று, மேலே ஏறாமல், வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுப் போயிருந்தான். மூன்று மாதமாக அவளும் அங்கே போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வேண்டுமென்றே பயிற்சியை வைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் கால்களை இரும்புக்குள் கட்டிவைத்துவிடுவாள். ஆனால் நாற்பது பயிற்சிதான் கணக்கு, முப்பத்தெட்டு ஆகிவிட்டது.

அன்று அவள் ஜெபராணியைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "என் நடைய அழிச்சுட்டு அந்தப் பனி நடையவே போட்டுருவமா?" என்று கேட்டாள். "அது எங்கயும் போகாதுல்லா?"

ஜெபராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடலாம்மா. ஆனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இந்த வயசுல அவுகளுக்கு வந்துருக்கது இந்த ஒரு நடைதான். இதப் பிடுங்கிட்டா இன்னொண்ணு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பன் வார்ப்பட்டை இல்லாமல் கம்பியை மட்டும் பிடித்து நடந்துகொண்டிருந்தார். வேர்த்து ஊற்றியது, கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அப்படி அவர் திரும்பிப் பார்த்து அவள் கண்டதில்லை.

"வேண்டாம் தாயி. இருக்கட்டும்" என்றாள். "நடக்கட்டும்."

தானே சொல்லிவிடலாம் என்று அன்று சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்றாள், சொல்லு என்றார், ரசத்துல உப்பு சரியா இருந்துச்சா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் இதே கதைதான், மறுநாள் கேட்டது மோர்க்குழம்பைப் பற்றி.

நாற்பது பயிற்சியும் முடிந்த பிறகு வந்த தை மாத முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, கால்கள் புறப்பட்டன. "கோயிலுக்குப் போகுதுபோல. நல்லதுதான்" என்றார் அவர் குஷியாக. உலகம்மாள் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

தெரு தன்னால் ஆனதைச் செய்தது. செய்யது கடையை விட்டிறங்கி, கையில் ஏலக்காய் டீயோடு குறுக்கே வந்து நின்று, காசே வேண்டாம் அண்ணாச்சி, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க என்றான். அந்த நடை ஆயுசில் டீக்கடையில் நின்றதில்லை, ஆகையால் நிற்கவில்லை. மாடத்தி கடையில் நின்றது. இரண்டு முழம் பிச்சிப்பூவை அவள் இரண்டு தடவை அளந்து, மூன்றாம் தடவையும் அளந்து, வாழை இலையில் மடித்து, மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள், பிறகு அவளாலும் முடியவில்லை. தெற்குச் சந்தின் வாயை மூன்று ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி அடைத்துக்கொண்டு ஏதோ சண்டை போடுவது போல் பாவனை செய்தார்கள். அம்மன் சன்னதியில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வந்த கால்கள் அந்த இடுக்கில் ஒருக்களித்துப் புகுந்து, பழக்கப்பட்ட சாமர்த்தியத்தோடு வெளியே வந்தன.

நடை வேகமானது. மஞ்சள் சுவர் வைத்த ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது.

"இது யாரு வீடு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

நூறு பொய் வந்தது உலகம்மாளுக்கு, வழக்கமில்லாததால் ஒன்றையும் பிடிக்கத் தெரியவில்லை. "என் தம்பி வீடு" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் கால்கள் செருப்பைக் கழற்றின. கழற்றியதோடு விடாமல், வலது கால் பெருவிரலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி, வாசலோரம் இருந்த நீலத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், தெருவில் போகிறவர் கண்ணில் படாதபடி ஒளித்து வைத்தன. டிரம்முக்குப் பின்னால் சிமெண்டுத் தரை முழுக்கப் பாசி பிடித்திருந்தது. ஒரு ஜோடிச் செருப்பு அளவுக்கு மட்டும் பாசியில்லை. அதை அவர் குனிந்து பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். உலகம்மாள் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவைத் திறந்த திருமலைக்குமாரின் கையில் அக்காவுக்காகப் போட்ட காப்பி இருந்தது. அக்கா வராத மூன்று மாதமும் வெள்ளிக்கிழமை தோறும் போட்டுவிட்டுத் தானே குடித்துக்கொண்டிருந்தான். வாங்க அத்தான் என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் கால்கள் அவனைத் தாண்டி உள்ளே போய், அடுக்களை வாசலருகே ஃபேனுக்குக் கீழே கிடந்த மரப்பெஞ்சில், ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தன.

உட்கார்ந்ததுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சி. இந்த நடை வந்த நாளிலிருந்து தன் வீட்டில் ஒரு நாழிகை உட்காராத கால்கள் இவை. இங்கே அவை முழங்கால் தளர்ந்து, குதிகால் தளர்ந்து, விரல்கூடத் தளர்ந்து கிடந்தன. அவர் காப்பியை வாங்கிக் குடித்தார். தம்பி மனைவி முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் ஓடிப்போனாள். ஆவுடையப்பன் மேலே பார்த்தார்.

"ஃபேன் சத்தம் போடுதே. வயரிங் யாரு பண்ணுனது?" என்றார்.

"டவுன்ல ஒருத்தன் அத்தான்."

"எர்த் சரியா குடுக்கல. சுவர்ல ஈரம் பட்டா ஷாக் அடிக்கும். பத்தொம்போது வருசமா இதுலயா இருக்கிய?"

"சொல்லுறதுக்கு ஆள் இல்லயே அத்தான்" என்றான் திருமலைக்குமார்.

அவர் முறுக்கை ஒடித்தார். அழைப்பிதழைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டார், மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டையிடும் என்று எச்சரித்தார், சகலைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்துவிட்டார். உலகம்மாளுக்கு மூச்சு சீராக வந்தது. கடிகாரத்தை அவள் மறந்தே போனாள்.

ஆறே முக்காலுக்குக் கால்கள் துள்ளி எழுந்தன.

இது வரைக்கும் வந்த நடை இல்லை அது. முழங்கால்கள் உதறின, பாதம் தரையில் பாவவில்லை, முறுக்குத் தட்டைத் தட்டிவிட்டுக் கம்பைக்கூட எடுக்காமல் அவரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடின. கை டிரம்முக்குப் பின்னால் செருப்பைத் துழாவியது. திருமலைக்குமார் பிடிக்க ஓடிவந்தான். நிலைக்கதவைப் பிடித்து எப்படியோ நின்ற ஆவுடையப்பன், நடுங்குகிற தன் கால்களைக் குனிந்து பார்த்தார். கரண்டுக் கம்பத்தின் உச்சியில் முப்பது வருஷம் நின்ற மனிதருக்குப் பயம் என்றால் என்ன என்று தெரியும். இது பயம்தான். யாரைப் பார்த்து என்பதும் அவருக்குப் புரிந்தது.

"உலகு" என்றார். "நீ இப்படித்தான் ஓடி வருவியா?"

"ஆமா."

"எல்லா வாரமுமா?"

"செய்தி முடிஞ்சு நீங்க வாசலுக்கு வந்து பாப்பியள்லா" என்றாள் அவள்.

அவர் கண் கலங்கியது, அதைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. கால்கள் தெருவைப் பார்த்து இழுத்தன. அவர் நிலைக்கதவை விட்டார். இரண்டு கைகளாலும் தொடைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் பார்க்கத் திருப்பினார், அவை கேட்கவில்லை, மறுபடி திருப்பினார், வேர்க்க வேர்க்க, பனியில் நடக்கிறவன் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக்கொண்டு, பிடிக்க வந்த மச்சினனை வேண்டாம் என்று தலையாட்டி விலக்கிவிட்டு, ஏழு தப்படி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த ஏழு தப்படி உலகம்மாளின் நடை இல்லை. கோணலாக, அசிங்கமாக, இதற்கு முன் யாரும் நடக்காத நடையாக இருந்தது.

"மாப்ள, இன்னொரு காப்பி போடச் சொல்லு. அவளுக்கும் ஒண்ணு" என்றார். பிறகு பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் கையால் தட்டி, "உக்காரு உலகு. மெதுவாப் போவோம்" என்றார்.

அவள் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். உட்காரத்தான் நினைத்தாள், கால்கள்தான் வாசலைப் பார்த்தபடியே நின்றன, அவற்றைத் திருப்ப அவளுக்கு எந்த இயந்திரமும் இல்லை. அவர் கையை எடுக்காமல் பெஞ்சின் மேலேயே வைத்திருந்தார். காப்பி வந்தது, ஆடை பிடித்தது. அவள் உட்கார ஏழு மணி ஆயிற்று.